நிணநீர் வடிகால் சிகிச்சை: இவ்வளவு மெதுவாக நீவுவது எதற்காக?

காலில் முள் குத்திச் சீழ் வைத்துவிட்டால், ஓரிரு நாளில் தொடை இடுக்கில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்படும். "நெறி கட்டியிருக்கிறது" என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். புண் இருப்பது பாதத்தில். வீங்குவது தொடை இடுக்கில். இரண்டுக்கும் நடுவே ஒரு முழுக் காலின் நீளம் இருக்கிறது. அப்படியானால் இந்த இரண்டு இடங்களையும் இணைக்கும் பாதை ஒன்று தோலுக்கு அடியில் இருந்தாக வேண்டும். அந்தப் பாதைக்குப் பெயர்தான் நிணநீர் மண்டலம். அது அடைபட்டோ அறுபட்டோ போகும்போது உறுப்பில் தேங்கும் நீரை, கையால் மிக மென்மையாக நீவி, இன்னும் திறந்திருக்கும் வழிகளுக்குத் திருப்பிவிடும் முறையே நிணநீர் வடிகால் சிகிச்சை. மசாஜ் என்றதும் நம் நினைவுக்கு வரும் எண்ணெய், அழுத்தம், பல்லைக் கடித்துப் பொறுக்கும் வலி ஆகிய எதுவும் இதில் கிடையாது. முதன்முதலில் பார்ப்பவருக்குச் சிகிச்சையாளர் சும்மா தடவிக்கொண்டிருக்கிறார் என்றே தோன்றும். அந்த மென்மைக்குக் காரணம் நோயாளியின் மீதுள்ள இரக்கம் மட்டுமன்று. நிணநீர் நாளங்களின் அமைப்பே அதைக் கட்டாயமாக்குகிறது.

முதலில் அந்த நீர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். நம் இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ 7,000 லிட்டர் இரத்தத்தை இறைக்கிறது. அந்த இரத்தம் மிக நுண்ணிய குழாய்களின் வழியே செல்லும்போது, அவற்றின் மெல்லிய சுவரைத் தாண்டி நீரும் உப்பும் சிறிதளவு புரதமும் வெளியே கசிந்து, செல்களுக்கு இடையில் உள்ள வெளியை நனைக்கின்றன. செல்களுக்கு வேண்டிய உணவு போய்ச் சேருவது இந்தக் கசிவின் துணையோடுதான். கசிந்த நீர் அங்கேயே நின்றுவிட்டால் உடல் வீங்கிப்போகும். எனவே அது நிணநீர் நாளங்களுக்குள் புகுந்து, நாளொன்றுக்குச் சுமார் 2 முதல் 4 லிட்டர் வரை, மறுபடியும் இரத்தத்தில் போய்ச் சேருகிறது. 7,000 லிட்டரோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய அளவு. ஆனால் தஞ்சைப் பக்கத்து விவசாயிகளைக் கேட்டால் சொல்வார்கள்: வாய்க்காலில் தண்ணீர் வந்தால் மட்டும் போதாது, வடிகாலும் சரியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நட்ட பயிர் அழுகிவிடும். இரத்தக் குழாய்கள் பாசன வாய்க்கால் என்றால் நிணநீர் நாளங்கள் வடிகால்.

இந்த வடிகால் மண்டலத்துக்கென்று தனியாக ஓர் இதயம் மனிதருக்கு இல்லை. நாளங்களின் உள்ளே சிறிய இடைவெளிகளில் ஒருவழித் தடுப்பிதழ்கள் இருக்கின்றன. இரண்டு தடுப்பிதழ்களுக்கு நடுவில் உள்ள ஒவ்வொரு கண்ணியும் நிமிடத்துக்குச் சில முறை தானாகவே சுருங்கி, உள்ளிருக்கும் நீரை அடுத்த கண்ணிக்குத் தள்ளிவிடுகிறது. நடக்கும்போது கெண்டைக்கால் தசை இறுகித் தளர்வதும், மூச்சை ஆழமாக இழுக்கும்போது மார்புக்குள் அழுத்தம் குறைந்து நீர் மேலே உறிஞ்சப்படுவதும் இதற்குத் துணை செய்கின்றன. வழியில் ஆங்காங்கே நிணநீர் முடிச்சுகள் இருக்கின்றன. உடல் முழுவதும் சுமார் 600 முடிச்சுகள். கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வயிற்றிலும் கொத்துக் கொத்தாக. கிருமிகளைப் பிடித்துச் சோதிக்கும் சாவடிகள் இவை. நெறி கட்டுவது என்பது அந்தச் சாவடியில் சண்டை நடக்கிறது என்பதன் அடையாளம். கடைசியில் இரு கால்கள், வயிறு, இடக்கை, தலையின் இடப்பாதி ஆகிய எல்லாவற்றின் நிணநீரும் ஒரே பெரிய குழாயில் சேர்ந்து, இடது காறை எலும்புக்குப் பின்னால் ஒரு பெரிய சிரையில் கொட்டுகிறது. வலக்கையும் வலது மார்பும் தலையின் வலப்பாதியும் மட்டும் வலது பக்கத்தில் தனியாகக் கொட்டுகின்றன. ஏன் இப்படிச் சமமில்லாமல் பிரித்துவைத்திருக்கிறது என்று வியக்கத் தோன்றும். கருவில் உடல் உருவாகும் போக்கில் அப்படி அமைந்துவிட்டது.

இவ்வளவு பெரிய அமைப்பு மருத்துவர்களின் கண்ணில் தெளிவாகப் பட்டது 17ஆம் நூற்றாண்டில்தான். 1622ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் இத்தாலிய மருத்துவர் காஸ்பரே அசெல்லி, நன்றாக உண்டிருந்த ஒரு நாயின் வயிற்றைத் திறந்து பார்த்தபோது, குடலைத் தாங்கும் சவ்வில் வெள்ளை நூல்கள் போல ஏதோ ஓடுவதைக் கண்டார். நரம்பு என்று எண்ணி ஒன்றை வெட்டினார். பால்போல் வெண்ணிற நீர் பீறிட்டது. உணவிலிருந்த கொழுப்பைச் சுமந்துசென்ற நிணநீர் அது. பிறகு 1650களில் சுவீடனின் ஓலோஃப் ருட்பெக், டென்மார்க்கின் தாமஸ் பார்தோலின் ஆகிய இருவரும் உடல் முழுவதும் இந்த நாளங்கள் இருப்பதைக் காட்டிவிட்டு, முதலில் கண்டது யார் என்று சண்டையும் போட்டுக்கொண்டார்கள். நிறமற்ற நீர் ஓடும் மெல்லிய குழாய் என்பதால்தான் இது அவ்வளவு காலம் மறைந்திருந்தது. இன்றும் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது. பச்சை நிறச் சாயம் ஒன்றைத் தோலில் துளியளவு ஊசியால் செலுத்தி, அகச்சிவப்புக் கேமராவில் பார்த்தால், நிணநீர் மினுமினுத்துக்கொண்டு விட்டுவிட்டு நகர்வதைத் திரையில் காணலாம்.

இப்போது மென்மைக்கான காரணத்துக்கு வருவோம். நிணநீர் நாளங்களின் தொடக்க முனைகள் தோலின் மேலடுக்குக்குச் சற்றே கீழே இருக்கின்றன. தலைமுடியைவிடப் பருமன் குறைந்தவை. ஒரு முனை மூடியவை. சுவர் ஒரே அடுக்குச் செல்களால் ஆனது. அந்தச் செல்களின் விளிம்புகள், கூரையில் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும். ஒவ்வொரு செல்லின் வெளிப்புறத்திலிருந்தும் மெல்லிய இழைகள் புறப்பட்டுச் சுற்றியுள்ள திசுவில் கட்டப்பட்டிருக்கும். திசுவில் நீர் கூடி அது விரியும்போது இந்த இழைகள் இழுபட, ஓடுகள் போன்ற விளிம்புகள் லேசாகத் திறந்துகொள்ள, வெளியில் நிற்கும் நீர் உள்ளே நுழைகிறது. உள்ளே போன நீர் திரும்பி வர முயன்றால் அதே விளிம்புகள் மூடிக்கொள்ளும். கூடாரத்தின் துணியைக் கயிறுகள் இழுத்துப் பிடிப்பதை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும்.

சிகிச்சையாளரின் கை செய்வது இந்த இழைகளை இழுப்பதுதான். தோலைப் பிடித்து, அது போகும் அளவுக்கு மட்டும் ஒரு பக்கமாக நகர்த்துகிறார், பிறகு விட்டுவிடுகிறார், தோல் தானாகவே பழைய இடத்துக்கு வருகிறது. நகர்த்தும்போது கதவு திறக்கிறது. விடும்போது மூடிக்கொண்டு நீர் முன்னே போகிறது. கை தோலின்மேல் வழுக்கிக்கொண்டு போனால் தோல் இழுபடாது, இழைகளும் இழுபடா. ஆகவேதான் இதில் எண்ணெய் பூசுவதில்லை. நல்லெண்ணெய் இல்லாத மசாஜா என்று நம் வீடுகளில் கேட்கக்கூடும். சுளுக்கு வழிப்பவருக்கு எண்ணெய் எவ்வளவு அவசியமோ, நிணநீர் வடிப்பவருக்கு அது அவ்வளவு இடைஞ்சல். அழுத்தத்தின் அளவும் இதே காரணத்தால் வரையறுக்கப்படுகிறது. மூடிய கண்ணிமையின் மேல் விரல் வைக்கத் துணியும் அளவே இங்கும் அளவு. பலமாக அமுக்கினால் அந்த நுண்ணிய நாளங்கள் தட்டையாகி அடைபடும். கூடவே தோல் சிவந்து, இரத்த ஓட்டம் அதிகரித்து, புதிதாக இன்னும் கொஞ்சம் நீர் கசியும். வடிக்க வந்த இடத்தில் தண்ணீர் பாய்ச்சிய கதையாகிவிடும்.

இந்த முறையை உருவாக்கியவர்கள் டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடர், அவருடைய மனைவி எஸ்ட்ரிட் ஆகிய இருவரும். எமில் மருத்துவர் அல்லர். 1930களின் தொடக்கத்தில் பிரான்சின் தென்கரையில் கான் நகரில் இருவரும் மசாஜ் செய்துவந்தார்கள். தீராத சளியும் சைனஸ் தொல்லையுமாக வந்த நோயாளிகளுக்குக் கழுத்தில் முடிச்சுகள் வீங்கியிருப்பதைக் கவனித்தார்கள். வீங்கிய முடிச்சுகளைத் தொடவே கூடாது என்பது அக்கால மருத்துவத்தின் பொது விதி. அவர்கள் மிக மெதுவாகத் தொட்டுப் பார்த்தார்கள். விரலை வைத்த இடத்திலேயே வட்டமாகத் தோலை நகர்த்துவது, உள்ளங்கையால் ஏந்தி விடுவது, பம்பு அடிப்பதுபோல் தூக்கித் தணிப்பது என்று அவர்கள் வகுத்த அசைவுகள் இன்றும் அப்படியே கற்பிக்கப்படுகின்றன. 1936இல் பாரிஸ் நகரில் இந்த முறையை உலகுக்கு அறிவித்தார்கள். மருத்துவ உலகம் நெடுநாள் திரும்பிப் பார்க்கவில்லை. அழகு நிலையங்களே முதலில் ஏற்றுக்கொண்டன. 1960களில் ஜெர்மானிய மருத்துவர் யோஹன்னஸ் அஸ்டோங்க் நோயாளிகளிடம் இதைச் சோதித்துப் பார்த்த பிறகுதான் மருத்துவமனையின் கதவு திறந்தது.

அடுத்து, வரிசை. கை வீங்கியிருக்கிறது என்றால் சிகிச்சையாளர் கையில் தொடங்க மாட்டார். கழுத்தில், காறை எலும்புக்கு மேலே உள்ள பள்ளத்தில் தொடங்குவார். அங்கேதான் நிணநீர் இறுதியாகக் கொட்டுகிறது. வடிகாலைத் தூர்வாருகிறவர்கள் தண்ணீர் போய்ச் சேரும் முனையைத்தான் முதலில் திறந்துவிடுவார்கள். அடைத்த முனையை அப்படியே விட்டுவிட்டு மேலேயிருந்து தண்ணீரைத் தள்ளினால் அது கரையை உடைத்துக்கொண்டு போகும். கழுத்துக்குப் பிறகு வயிற்றில் ஆழ்ந்த மூச்சோடு சேர்ந்த சில அசைவுகள். பிறகு எதிர்ப்பக்கத்து அக்குள், அதே பக்கத்துத் தொடை இடுக்கு. அதன்பின் மார்பும் முதுகும். அதற்கும் பிறகே மேற்கை. கடைசியாக முன்கையும் விரல்களும். ஒவ்வொரு பகுதியிலும் நீரை மேல்நோக்கித் திருப்பி, ஏற்கெனவே காலியாக்கிய இடத்துக்கு அனுப்புவார்.

எதிர்ப்பக்கத்து அக்குளுக்கு ஏன் போக வேண்டும்? தோல் முழுவதும் சில வடிநிலங்களாகப் பிரிந்திருக்கிறது. வலது மார்பின் தோலிலிருந்து வரும் நிணநீர் வலது அக்குளுக்குப் போகும்; இடது மார்பினது இடது அக்குளுக்கு. மேட்டுநிலம் இரண்டு ஆறுகளின் நீர்ப்பிடிப்பைப் பிரிப்பதுபோல் உடலின் நடுக்கோட்டில் ஒரு கண்ணுக்குத் தெரியாத மேடு இருக்கிறது. அந்த மேட்டைக் குறுக்கே கடக்கும் மெல்லிய நாளங்களும் உண்டு; வழக்கமாக அவற்றில் ஓட்டம் குறைவு. ஓர் அக்குளின் முடிச்சுகள் அகற்றப்பட்டுவிட்டால், நீரை அந்தக் குறுக்கு வழியே அடுத்த வடிநிலத்துக்குக் கொண்டுபோவதுதான் திட்டம்.

ஒரு முறை சிகிச்சை பெற 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் ஆகும். படுத்த நிலையில் நடக்கும். பலர் பாதியிலேயே தூங்கிவிடுவார்கள். முடிந்தபின் சிறுநீர் கழிக்க வேண்டும் என்ற உணர்வு சிலருக்கு வரும். வீக்கம் அதிகமுள்ளவர்களுக்கு முதல் கட்டத்தில் வாரத்துக்கு ஐந்து நாள் என்ற கணக்கில் இரண்டு முதல் நான்கு வாரங்கள் தொடர்ந்து செய்வார்கள்.

இங்கே ஒரு முக்கியமான செய்தி: கை மட்டும் போதாது. வடித்த நீர் சில மணி நேரத்தில் திரும்பவும் வந்து நிறையும். எனவே நீவி முடித்த கையோடு அழுத்தக் கட்டுப் போட வேண்டும். இதை வற்புறுத்தியவர்களில் ஒருவர் அலெக்சாண்டர் ஃபான் வினிவார்ட்டர் என்ற அறுவை மருத்துவர். 1892இலேயே உறுப்பை உயர்த்திவைத்தல், கட்டுப்போடுதல், மெல்லிய மசாஜ் ஆகிய மூன்றையும் சேர்த்துச் செய்ய வேண்டும் என்று எழுதினார். பிறகு அது மறக்கப்பட்டது. ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் ஹின்டர்சார்ட்டன் என்ற ஊரில் மருத்துவமனை நடத்திய மிஹாயெல் ஃபோல்டி, எத்தெல் ஃபோல்டி தம்பதியர் வோடரின் அசைவுகள், அழுத்தக் கட்டு, கட்டோடு செய்யும் உடற்பயிற்சி, தோல் பராமரிப்பு ஆகிய நான்கையும் ஒரே சிகிச்சையாகத் தொகுத்தார்கள். இன்று உலகெங்கும் நிணநீர் வீக்கத்துக்குத் தரப்படும் சிகிச்சை பெரும்பாலும் இந்தத் தொகுப்புதான்.

கட்டுத்துணியிலும் ஒரு நுட்பம் உண்டு. மருந்துக் கடையில் கிடைக்கும் கிரேப் பேண்டேஜ் நன்றாக நீளக்கூடியது. அது ஓய்வில் இருக்கும்போதும் உறுப்பை விடாமல் இறுக்கும்; தசை விரியும்போதோ தானும் நீண்டு வழிவிட்டுவிடும். நிணநீர் வீக்கத்துக்குப் பயன்படுவது கொஞ்சமே நீளும் வகைத் துணி. ஓய்வில் இருக்கும்போது அது உறுத்தாது. தசை இறுகும்போது நகராமல் சுவர்போல நிற்கும். தசைக்கும் அந்தச் சுவருக்கும் நடுவே அகப்பட்ட நாளங்கள் ஒவ்வோர் அசைவிலும் பிழியப்படுகின்றன. எனவே கட்டைப் போட்டுக்கொண்டு படுத்திருப்பதைவிட நடமாடுவதே பலன் தரும். தீவிரச் சிகிச்சை முடிந்ததும் கட்டுக்குப் பதிலாக அளவெடுத்துத் தைத்த அழுத்தக் கையுறையோ காலுறையோ பகல் முழுவதும் அணிய வேண்டியிருக்கும். சென்னை வெயிலில் அதை அணிவது எளிதன்று என்பது உண்மை. பல நோயாளிகள் கைவிடுவது இந்த இடத்தில்தான்.

யாருக்கு இது தேவைப்படுகிறது? மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் முதல் வரிசையில் வருகிறார்கள். அக்குளில் உள்ள முடிச்சுகளை முழுமையாக எடுத்துவிட்டவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்குக் கைவீக்கம் ஏற்படுகிறது. நிணநீர் முதலில் போய்ச் சேரும் ஓரிரு காவல் முடிச்சுகளை மட்டும் எடுத்துச் சோதிக்கும் புதிய முறையில் இது இருபதில் ஒருவர் என்ற அளவுக்குக் குறைந்திருக்கிறது. கதிர்வீச்சு பெற்றவர்களுக்கும் உடல் பருமன் உள்ளவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல். வீக்கம் அறுவைக்குப் பிறகு உடனே வரவேண்டும் என்பதில்லை. ஓரிரு ஆண்டு கழித்தும் வரலாம். கை கனப்பது, வளையல் இறுகுவது, ரவிக்கையின் ஒரு கை மட்டும் பிடிப்பது ஆகியவை தொடக்கக் குறிகள். கருப்பை, புராஸ்டேட் சுரப்பி ஆகியவற்றின் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களுக்கு இதே வீக்கம் காலில் வருகிறது. முழங்கால் மாற்று அறுவைக்குப் பிந்தைய வீக்கத்துக்கும் சில மருத்துவமனைகளில் இதைச் செய்கிறார்கள்; அங்கே கிடைக்கும் பலன் பற்றி ஆய்வுகள் ஒருமுகமாக இல்லை.

நம் மண்ணுக்கு நெருக்கமான இன்னொரு காரணம் யானைக்கால் நோய். கியூலெக்ஸ் கொசு கடிக்கும்போது உட்புகும் நுண்புழுக்கள் வளர்ந்து நிணநீர் நாளங்களுக்குள்ளேயே குடியேறி, பல ஆண்டுகள் வாழ்ந்து, நாளங்களை விரிவடையச் செய்து, தடுப்பிதழ்களைப் பயனற்றவையாக்கிவிடுகின்றன. கும்பகோணம் வட்டாரம் ஒரு காலத்தில் இந்நோய்க்குப் பெயர்போன இடமாக இருந்தது. கூட்டு மருந்து வழங்கலும் கொசு ஒழிப்பும் புதிய தொற்றைப் பெருமளவு குறைத்துவிட்டன. இலங்கையில் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இந்நோய் நீங்கிவிட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் 2016இல் சான்றளித்தது. ஆனால் மருந்து புழுவைக் கொல்லுமே தவிர, ஏற்கெனவே பாழான நாளத்தைச் சீராக்காது. வீங்கிய காலோடு வாழ்பவர்களுக்கு வடிகால் சிகிச்சையைவிடவும் முதலில் வேண்டியது சோப்பும் தண்ணீரும். விரல் இடுக்கில் உள்ள வெடிப்பு வழியே பாக்டீரியாக்கள் நுழைந்து, காய்ச்சலோடு கால் சிவந்து வீங்குவது அடிக்கடி நேரும். ஒவ்வொரு முறையும் மீதமிருக்கும் நாளங்கள் இன்னும் கொஞ்சம் பழுதாகும். தினமும் காலைக் கழுவி, விரல் இடுக்குகளை ஈரமின்றித் துடைத்து, சேற்றுப்புண்ணுக்கு மருந்து போட்டாலே இந்தக் காய்ச்சல் வெகுவாகக் குறைகிறது. கேரளத்தின் காசர்கோட்டில் உள்ள ஒரு தோல் மருத்துவ நிறுவனம் இந்தப் பராமரிப்போடு அழுத்தக் கட்டு, யோகப் பயிற்சி, ஆயுர்வேத முறைகள் ஆகியவற்றை இணைத்து யானைக்கால் நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்துவருகிறது.

இனி, ஆய்வுகள் சொல்வதையும் மறைக்காமல் பார்க்க வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்குப் பின் வரும் கைவீக்கம் பற்றி 2015இல் வெளியான கோக்ரேன் தொகுப்பாய்வு (பல மருத்துவ ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுதிரட்டி எடைபோடுவது), அழுத்தக் கட்டு மட்டும் போட்டபோதே வீக்கம் ஏறத்தாழ 30 முதல் 39 விழுக்காடு வரை குறைந்ததாகவும், கையால் நீவுவதைச் சேர்த்துக்கொண்டபோது கூடுதலாக 7 விழுக்காடு அளவே குறைந்ததாகவும் கண்டது. லேசான வீக்கம் உள்ளவர்களுக்கே அந்தக் கூடுதல் பலன் அதிகம். வீக்கம் வருமுன்பே தடுக்க இது உதவுமா என்று பெல்ஜியத்தின் லூவன் நகரில் 160 பேரிடம் சோதித்து, 2011இல் முடிவை வெளியிட்டார்கள்: ஓராண்டுக்குப் பிறகு, நீவிவிடப்பட்டவர்களில் 24 விழுக்காட்டினருக்கும் அது இல்லாமல் உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களில் 19 விழுக்காட்டினருக்கும் வீக்கம் வந்திருந்தது. அதாவது தடுப்பு மருந்தாக இது பயன்படவில்லை. ஆக, கட்டும் பயிற்சியும் சிகிச்சையின் முதுகெலும்பு. நீவுதல் அதற்குத் துணை. கட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், கையால் நீவியே முழுவதும் சரிசெய்துவிடுவதாகச் சொல்பவரிடம் பணம் கொடுக்குமுன் யோசிப்பது நல்லது.

அப்படியானால் நோயாளிகள் இதை இவ்வளவு விரும்புவது ஏன்? இதற்கும் உடலில் ஒரு காரணம் இருக்கிறது. முடி முளைக்கும் தோலில், மெதுவான வருடலுக்கு மட்டுமே நன்றாகப் பதிலளிக்கும் ஒரு வகை நரம்பு இழைகள் உண்டு. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில், உடல் சூடுள்ள கை ஒன்று வருடினால் அவை மிகுதியாகத் தூண்டப்படுகின்றன. தொட்ட இடம் எது என்று துல்லியமாகச் சொல்வது அவற்றின் வேலையன்று. தொடுதல் இதமானது என்ற உணர்வை மூளைக்கு எடுத்துச்செல்வதே அவற்றின் வேலை. குழந்தையை வருடித் தூங்கவைக்கும் தாயின் கை தானாகவே இந்த வேகத்தை ஒட்டி அமைகிறது. அறுவையும் மருந்துமாக மாதக்கணக்கில் ஊசியையே தொடுதலாக அனுபவித்த ஓர் உடலுக்கு, வலிக்காத ஒரு மணி நேரம் எவ்வளவு பெரியது என்பதை அளவு நாடாவால் காட்ட முடியாது. இறுக்கம் தளர்வதும் தூக்கம் வருவதும் மெய்யான பலன்களே. அவற்றை வீக்கம் வடிவதோடு குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

அழகு நிலையங்களில் இதே பெயரில் நடப்பது வேறு கதை. உடலின் நச்சை வெளியேற்றும், எடையைக் குறைக்கும், முகத்தை ஒல்லியாக்கும் என்றெல்லாம் விளம்பரங்கள் வருகின்றன. நச்சை நீக்கும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் கேட்காமலேயே செய்துகொண்டிருக்கின்றன. தோலுக்கு அடியில் சேர்ந்திருக்கும் கொழுப்பு, நிணநீர் நாளத்துக்குள் நீவி அனுப்பிவிடக்கூடிய பொருள் அன்று. காலையில் லேசாக உப்பிய முகம் நீவியபின் வடிந்ததாகத் தெரியலாம்; எழுந்து அரை மணி நேரம் நடமாடினாலும் அது வடியும்.

சிலருக்கு இந்தச் சிகிச்சை ஆபத்தாகலாம். தோல் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் இருந்தால் அது தொற்று. முதலில் மருத்துவரிடம் போக வேண்டும். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, கெண்டைக்காலில் வலியும் இருந்தால் ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் காலை யாரும் நீவக் கூடாது, ஏனெனில் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. இதயம் பலவீனமாகி இரண்டு காலும் வீங்கியிருப்பவருக்கு, வடித்த நீர் இரத்தத்தில் சேர்ந்து இதயத்தின் சுமையைக் கூட்டும். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். புற்றுநோய் இன்னும் உடலில் இருக்கும்போது செய்யலாமா என்பதைச் சிகிச்சை தரும் புற்றுநோய் மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும்.

கால் வீங்கினால் எல்லாமே நிணநீர் வீக்கம் ஆகிவிடாது. வீட்டிலேயே பார்க்கக்கூடிய ஒரு சோதனை உண்டு. கால் கட்டைவிரலுக்கு அடுத்த விரலின் அடிப்பகுதியில், மேற்புறத் தோலை இரு விரலால் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். நல்ல காலில் தோல் மடிந்து மேலே வரும். நிணநீர் வீக்கம் முற்றிய காலில் தோல் தடித்துக் கையில் பிடிபடாது. ஆனால் பிடிபட்டுவிட்டதாலேயே நோய் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. தொடக்க நிலையில் தோல் தூக்கவும் வரும், அமுக்கினால் குழியும் விழும்.

சிகிச்சை பெற விரும்புபவர் பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளின் பிசியோதெரபிப் பிரிவில் விசாரிப்பதுதான் எளிய வழி. நிணநீர் வீக்கத்துக்கென்று தனிப் பயிற்சி பெற்றவரா, கட்டுப்போடவும் தெரிந்தவரா, வீட்டில் நாமே செய்துகொள்ளும் எளிய அசைவுகளைக் கற்றுத்தருவாரா என்று கேட்க வேண்டும். தொடங்குமுன் ஒரு சிறு வேலையை வீட்டிலேயே செய்துவிடலாம். தையல் அளவு நாடாவை எடுத்து, மணிக்கட்டிலிருந்து மேலே 4 சென்டிமீட்டருக்கு ஓர் அளவாக இரண்டு கைகளின் சுற்றளவையும் எடுத்து, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஒரே இடத்தில் இரு கைகளுக்கும் 2 சென்டிமீட்டருக்கு மேல் வேறுபாடு இருந்தால் அதை மருத்துவரிடம் காட்டுங்கள். பிறகு வாரத்துக்கு ஒருமுறை, அதே நேரத்தில், நாடாவை இறுக்காமலும் தொங்கவிடாமலும் பிடித்து அளந்துவாருங்கள். சிகிச்சை பலன் தருகிறதா என்பதை அந்த நோட்டே காட்டிக்கொடுக்கும்.